கண்கள் மட்டும் வரவில்லை

கல்முனையிலிருந்து வரும் பஸ்ஸில், முன்சீட்டில் இருந்த பெண் இடுப்புக்கு நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டே வந்தாள். ஜன்னலைத் திறந்தும் மணம் போகவில்லை. பெரியகல்லாற்றைக் கடக்கும்போது உன் வீட்டுப் பக்கம் நான் திரும்புவதில்லை. இன்று திரும்பிவிட்டேன். கேற் பூட்டிக் கிடந்தது. முற்றத்தில் யாருடைய ஆடோ கட்டியிருந்தது.

அந்தத் தைலத்தைப் போத்தல் போத்தலாகப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டுதான் நீ என்னோடு தாய்லாந்துக்கு வந்தாய். "நாரி உளைவுகா" என்றாய். நம் வயதில் யாருக்குத்தான் இடுப்பு வலிக்காது என்று நானும் விட்டுவிட்டேன்.

தியானம் பழகப் போகும் எண்ணம் என்னுடையது. என் கணவர் இறந்த பிறகு வீட்டுக்குள் இருக்க முடியாமல் தவித்தேன். மலேசியாவில் இருக்கும் மகள்தான் அந்த மடாலயத்தை ஏற்பாடு செய்தாள். மெதடிஸ்த வீட்டுப் பெண் புத்த பிக்குவிடம் போவதா என்று சபையில் முணுமுணுத்தார்கள். நீ வருவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. உன் ஒரே மகனை வாசலில் வைத்து ஏற்றிக்கொண்டு போன ஆமிக்காரனின் மணிக்கட்டில், பன்சலையில் புத்த பிக்கு கட்டிவிட்ட வெள்ளை நூல் இருந்ததைச் சொல்லிச் சொல்லியே தொண்டை வற்றியவள் நீ.

"இஞ்சத்தப் பன்சலைக்குள்ள நான் கால் வைக்க மாட்டன். ஆனா அவங்கட சாமி என்னதான் சொன்னவர் எண்டு வேற நாட்டுல போய்க் கேப்பம்" என்றாய்.

வயல்களுக்கு நடுவே இருந்தது அந்த மடாலயம். பேச்சில்லை, போன் இல்லை, மத்தியானத்துக்குப் பிறகு சாப்பாடும் இல்லை. மூச்சில் வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிக்க வேண்டும். வலி வந்தால் 'வலி, வலி' என்றும், உருவம் தோன்றினால் 'காண்கிறேன், காண்கிறேன்' என்றும் மனதுக்குள் குறித்துவிட்டு, அதை விட்டுவிட வேண்டும். நான் கொட்டாவி விட்டேன், கால் மாற்றினேன். நீயோ அசையாமல் இருந்தாய். வெள்ளைக்காரப் பிள்ளைகள் உன்னைப் பெரிய ஞானியாக நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அறைக்குள் நீ துவாயைக் கடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பதை நான் மட்டும் கண்டேன்.

பிக்குவிடம் அன்றாடம் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். உன் தமிழை ஆங்கிலமாக்குவது என் வேலை. ஒருநாள் அவர் உன்னை உற்றுப் பார்த்துவிட்டு, எழுந்து நடந்தால் வலி போகிறதா என்று கேட்டார்.

"போயிருது எண்டு சொல்லு" என்றாய்.

"போவதில்லை" என்று நான் அவரிடம் சொன்னேன். நீ துடிப்பதையும், உடல் வற்றிக்கொண்டு போவதையும் சொன்னேன். உனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அவர் முகம் மாறியதைக் கண்டாய்.

"என்னகா சொன்ன நீ?"

"உள்ளதத்தான் சொன்ன நான்."

வைத்தியரிடம் காட்டாமல் இனி உட்கார வேண்டாம் என்று பிக்கு சொல்லிவிட்டார். அவரே வான் பிடித்து அனுப்பினார். நகரத்து ஆஸ்பத்திரியில், புற்றுநோய் முதுகெலும்பு வரை இறங்கிவிட்டது என்று ஒரு இளம் டொக்டர் என்னிடம் சொன்னார். அதையும் நான்தான் உனக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அழுதுகொண்டே சொன்னேன்.

நீ அழவில்லை. "ஊர்லயே டொக்டர் சொன்னவர். தெரிஞ்சுதான் வந்த நான். நீ அழுறதெண்டா வெளிய போய் அழு" என்றாய்.

திரும்பி வரும் விமானத்தில்தான் மிச்சத்தைச் சொன்னாய், என் பக்கம் திரும்பாமலே.

"எனக்கு அவன்ட முகம் மறந்துபோச்சு. சுனாமியில கடல் வந்து படமெல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போன பிறகு, கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சுபோச்சு. பெத்தவள் இத ஆருக்கிட்டச் சொல்ற? அங்க இருக்கக்குள்ள முதல்ல காது வந்த. பிறகு நாடி. பிறகு அந்த உடைஞ்ச பல்லு. அந்தப் பிக்கு விடச் சொன்னவர், நான் விடல்ல. கண் மட்டும் வரல்ல. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா வந்திருக்கும்."

நான் உன் கையைப் பிடித்தேன். நீ கையை உருவிக்கொண்டாய்.

"இனி என்னோட கதைக்காத."

சொன்னபடியே இருந்தாய். நீ படுக்கையில் விழுந்த பிறகு வந்தேன். "மச்சாள் உங்களக் காண மாட்டாவாம் ரீச்சர்" என்று உன் தம்பி பெண்சாதி வாசலில் மறித்தாள். விலக்கிக்கொண்டு உள்ளே வந்தேன், ஏனென்றால் என்னிடம் உனக்குத் தர ஒன்று இருந்தது. உன் மகனுக்கு நான் இங்கிலிஷ் படிப்பித்தவள். வகுப்பில் முன் வாங்கில் இருப்பான். இடது கண் சற்றுச் சிறியது; சிரித்தால் அது முழுதாக மூடிக்கொள்ளும். பள்ளிக்கூடத்திலும் ஒரு படம் மிஞ்சவில்லை என்றாலும், எனக்கு அது மறக்கவில்லை.

"அவன்ட கண் எனக்கு ஞாபகம் இருக்குகா. சொல்லட்டா?"

நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய்.

"அது நீ கண்ட கண். எனக்கு வேணாம். எழும்பிப் போ."

அதன் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை. பன்சலைக்குக் கூட்டிக்கொண்டு போய் அக்காவைச் சாகடித்தவள் நான்தான் என்று செத்த வீட்டில் உன் தம்பி எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். யாரும் எனக்கு உட்காரக் கதிரை தரவில்லை. பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்று, உன்னைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அன்று பிக்குவிடம் சொன்னது பிழை என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அதற்காக நீ என்னை இன்னொரு முறையும் வெறுப்பாய்.

காலையில் ஜெபம் முடிந்ததும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காருகிறேன். வயிறு எழுகிறது, தாழ்கிறது. பிறகு அவன் வருகிறான். நான் தேடுவதில்லை, கூப்பிடுவதும் இல்லை. முழு முகமாக, இடது கண் மூடச் சிரித்துக்கொண்டு வருகிறான். குறித்துவிட்டு விட்டுவிடச் சொன்னார் பிக்கு. நானும் விடுவதில்லை. உனக்கு வராத கண்களை, நீ வேண்டாம் என்ற பிறகும், நான்தான் வைத்திருக்கிறேன்.