வயிற்றுக்குள் ஐந்து ரூபாய்

மதினி,

இன்றைக்கு இரத்தினபுரி பஸ்ஸில் கொண்டக்டர் என் கையில் திணித்த சில்லறையில் ஒரு பழைய இரண்டு ரூபாயும் ஒரு பழைய ஐந்து ரூபாயும் இருந்தன. இரண்டு ரூபாய் பிஸ்கட் மாதிரி அகலம். ஐந்து ரூபாய் மஞ்சளாக, அதைவிடச் சின்னதாக, ஆனால் தடிப்பாக. உள்ளங்கைக்கு ஒன்றாக வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும். தோட்டத்து வரிசை வீட்டில், உங்களோடு ஒரே லயத்தில் இருந்தவளுக்கு இந்தப் பழக்கம் ஒட்டாமல் போகுமா?

என் வீட்டுக்காரருக்கு நீங்கள் அக்கா. ஆனால் லயத்துக்கே அதட்டல் உங்களுடையதுதான். ரப்பர் மலையில் பால் வெட்டிவிட்டு வந்ததும் வராததுமாக என் மகள் பாப்பாவைக் கூப்பிடுவீர்கள். ஒரு கையில் இரண்டு ரூபாய், மறு கையில் ஐந்து. "எதுடி வேணும், என் தங்கம்?" அவள் பெரிய காசைத்தான் பாய்ந்து எடுப்பாள். "அடி கூறுகெட்டவளே, அகலத்தையா பாக்குறது? தூக்கிப் பாருடி!" என்று நீங்கள் சிரிப்பீர்கள். அடுத்த நாளும் அவள் பெரியதைத்தான் எடுப்பாள்.

அப்புறம் புதுக் காசு வந்தது. எல்லாம் ஒரே வெள்ளை. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று மதிப்பு ஏற ஏற அளவும் ஏறியது. ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள். உங்களுக்குத்தான் பிடிக்கவில்லை. "என்னா காசு இது, சட்டைப் பொத்தானாட்டம்! ஒத்த ரூவா கையில கெடக்குறதே தெரியல."

பாப்பாவுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது மாரியம்மனுக்கு வேண்டி, மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கவிட்டீர்கள். காய்ச்சல் விட்டது. திருவிழா வந்ததும் உண்டியலில் போடலாம் என்று இருந்தோம். அதற்குள் ஒரு காலையில், நீங்கள் மலைக்குப் போயிருந்த நேரம், பாப்பா நாற்காலியில் ஏறி அந்த முடிச்சைப் பிடுங்கியிருக்கிறாள். நான் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தால் துணி எச்சிலில் நனைந்து கிடக்கிறது, உள்ளே காசு இல்லை. "எங்கடி?" என்றேன். வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் வட்டமாக ஒன்று தெரிந்தது. காசென்றால் தானாக வந்துவிடும், பயப்படாதே என்றார் டொக்டர் மிஸ். மூச்சு விட்டேன். அடுத்த கேள்விதான் என்னைக் கொன்றது. "வீட்டில் பெட்டரி போட்ட சாமான் ஏதாவது உண்டா? வட்டப் பெட்டரி?" லைட் எரிகிற பொம்மை ஒன்று இருந்தது. முந்தின நாள் அதன் பின்மூடி கழன்று கிடந்ததை நானே பார்த்திருந்தேன். உள்ளே பெட்டரி இல்லை. சரிதான், பெட்டரியைத்தான் விழுங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

பெட்டரியாக இருந்தால் குடலைச் சுட்டுவிடும், உடனே எடுக்க வேண்டும் என்றார். என்ன காசு முடிந்தீர்கள் என்று கேட்டார். எல்லாரும் ஒத்த ரூபாய்தானே முடிவார்கள், அதையே சொன்னேன். அவர் முகம் மாறியது. அந்தப் பெட்டரியும் புது ஒரு ரூபாயும் ஏறக்குறைய ஒரே அளவாம். படத்தில் பிரித்துச் சொல்வது கஷ்டமாம்.

அந்த நேரத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். உடுப்பெல்லாம் ரப்பர் பால் கறை, தலையில் கட்டின துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"ஒத்த ரூவாயா? அம்மாளுக்கா? என்னைய என்னான்னு நெனச்ச?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினீர்கள். டொக்டர் பக்கம் திரும்பி, "பஹே காசியக், மிஸ்! பழைய அஞ்சு!" என்று பாதி சிங்களத்தில் சொல்லி, முந்தானை முடிச்சிலிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தீர்கள். அதன் பக்கத்தில் ஒரு ரூபாய். டொக்டர் இரண்டையும் பார்த்தார். அகலத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. இரண்டையும் பாப்பாவின் இடுப்போரமாகப் பிளாஸ்டர் போட்டு ஒட்டி, மறுபடி படம் எடுக்கச் சொன்னார். வயிற்றில் இருப்பது எந்தக் காசின் அளவுக்கு ஒத்துப்போகிறது என்று பார்க்கலாம் என்றார்.

கதவுக்கு வெளியே நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தீர்கள். எனக்குக் கேட்கவில்லை.

படம் வந்தது. வெளியே இருந்த ஐந்து ரூபாயும் உள்ளே இருந்ததும் ஒரே அளவு. "காசுதான், கூட்டிக்கொண்டு போங்கள், வரும்வரை பாருங்கள்" என்று டொக்டர் சிரித்தார். கொழும்பில் கடையில் நின்ற என் வீட்டுக்காரர் பொழுதுபடத்தான் போன் எடுத்தார். பொம்மைப் பெட்டரி அவர் சட்டைப் பையில்! அளவு காட்டிப் புதுசு வாங்கக் கொண்டுபோனாராம். நீங்கள் அவரைத் திட்டின திட்டு இருக்கிறதே, அதை எழுத முடியாது.

அதன் பிறகு பாப்பா ஒதுங்கும்போதெல்லாம் குச்சியும் கையுமாகக் காவல் நீங்கள்தான். ஒருநாள் "வந்துருச்சுடி!" என்று லயமே கேட்கக் கூவினீர்கள். அக்கம்பக்கத்து நான்கு காம்பிராக்காரர்களும் ஓடிவந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கூட்டம் கலைந்ததும் நீங்கள் தண்ணீர்ப் பீலியடியில் கை கழுவிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதீர்கள். நீங்கள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அன்னைக்குக் கதவுக்கிட்ட என்னா வேண்டுனேன் தெரியுமா? பெட்டரின்னா புள்ள போயிரும். காசுன்னா, அதத் தொங்கவிட்ட என் பேரு போகும், அம்புட்டுத்தான். தாயே, என் காசாவே இருக்கட்டும், பழிய நானே சுமக்குறேன்னு வேண்டுனேன்டி."

நீங்கள் இறந்துபோய் ஒரு வருசமாகிறது. போன மாதம் பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு வந்தாள். அதே ஆஸ்பத்திரி. டொக்டர் அவளை உள்ளே கூட்டிப்போனதும் நான் வெளியே நின்று கண்ணை மூடினேன். முந்தின நாள் நான் ஆக்கிய மீன் கொஞ்சம் பழசு. தாயே, என் மீனாகவே இருக்கட்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று கேட்டேன்.

மீன்தான், மதினி.