மாடிக்கு விட்டு வைத்த கம்பி

மண்டி மொஹல்லா,
மைசூர்.

அன்புள்ள ஜீவிதா அப்பாவுக்கு,

உமா எழுதுவது. நானும் குழந்தையும் நல்ல சுகம். தோஹாவில் வெயில் எப்படி? ஃபோனில் பேசும்போதெல்லாம் ஜீவிதா என் தோளிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறாள், எதையும் மனம்விட்டுப் பேச முடியவில்லை. அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் சென்னிமலை அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடட்டுமா என்று போன தடவை ஃபோனில் கேட்டீர்கள். அந்த நேரம் மட்டும் ஜீவிதா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். உங்கள் இஷ்டம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னது.

உங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் செய்ததைக் கேளுங்கள். அந்த ஒழுகல் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். எப்படி வேண்டும் என்று பிள்ளைகளையே கேட்டார்கள். பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கேட்டார்களாம். கெம்பையன் என்று ஒரு வாலு, வகுப்புக்குள்ளேயே கிரிக்கெட் ஆட இடம் கேட்டானாம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போன என்ஜினியர் அம்மா, சரிவான ஓட்டுக் கூரை போட்டு அழகாக வரைந்து வந்தார். எல்லோரும் கை தட்ட, ஜீவிதா மட்டும் வேண்டாம் என்று எழுந்து நின்றாளாம். கான்கிரீட் தளம்தான் போட வேண்டும், தூண் கம்பியை மேலே நீட்டி விட்டு வைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஏன் என்றதற்கு, "எங்கப்பா மேஸ்திரி. அவர் வந்து மேல் மாடி கட்டுவாரு, கம்பி இல்லைன்னா எப்படிக் கட்டுவாரு?" என்று கன்னடத்தில் சொன்னாளாம். கம்பி விட்டிருந்தால் கொத்தனார் திரும்பி வருவார் என்று அர்த்தம் என்று சைட்டில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தானே.

ஒருத்தரும் சிரிக்கவில்லையாம். முதலில் அந்தக் கெம்பையன்தான் அவளுக்காகக் கை தூக்கினான், அப்புறம் எல்லோரும். கடைசியில் என்ஜினியர் அம்மாவும் ஒத்துக்கொண்டு, மாடி தாங்கும்படி அஸ்திவாரம் போட்டார். கௌரம்மா மிஸ் இதைப் பெருமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

போன வாரம் தளம் போட்டாயிற்று. என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். மழையில் கம்பி துருப்பிடிக்காதா என்று கேட்டாள். சிமெண்ட் பால் பூசி வைத்தால் கொஞ்ச நாள் தாங்கும் என்றேன். எத்தனை நாள் என்றாள். நான் கடைத்தெருப் பக்கம் பேச்சை மாற்றிவிட்டேன்.

பக்கத்து வீட்டுத் தேவம்மா அக்கா ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் குடிபோய்விட்டார். வேலை முடிந்து வந்தால் இரண்டு வார்த்தை பேச ஆளில்லை. இன்னமும் உலை வைக்கும்போது உங்களுக்கும் சேர்த்து அரிசி போட்டுவிடுகிறேன். மறுநாள் அந்தப் பழையதை நானே தின்று தீர்க்கிறேன். தனியாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

சம்பளம் வேண்டாம் என்று சொல்லும் நிலைமையில் நாம் இல்லை. அது எனக்கும் தெரியும். கையெழுத்துப் போடுவதானால் போடுங்கள். ஆனால் இரண்டு வருஷம் என்பதை அவளிடம் நீங்களே சொல்ல வேண்டும். என் வாயால் வராது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உயரத்தில் ஏறும்போது பெல்ட் மாட்ட மறக்காதீர்கள். சாமுண்டித் தாய் உங்களைப் பத்திரமாக வைக்கட்டும்.

வந்துவிடுங்கள்.

உங்கள்
உமாதேவி