சட்டையை மோந்த பிறகு காபி

இன்று காலை டிகாக்‌ஷன் வாசனையில் விழித்தேன். அடுப்படியில் நின்றது மருமகள். ஒரு நொடி நீ என்று நினைத்துவிட்டேன்.

தவக்காலம் வந்தால் நான் சிகரெட்டை விடுவேன், நீ காபியை விடுவாய். எழுபதுகள் முழுக்க அப்படித்தான். நாற்பது நாளில் என் இருமல் அடங்கிவிடும். கரண்ட் மீட்டர் படிக்கப் போலகம் ஊருக்குப் போகும்போது பாலத்து ஏற்றத்தில் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியிருக்காது. ஈஸ்டர் பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே ஒன்றைப் பற்றவைத்து எல்லாவற்றையும் பாழாக்குவேன்.

கடைசியாக அப்படிச் செய்த வருடம், விடாவிட்டால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் உன் எதிரிலேயே சொல்லியிருந்தார். அப்படியும் பற்றவைத்தேன். வீட்டுக்கு வந்ததும் நீ காபி டம்ளரைத் தள்ளி வைத்தாய்.

"உங்களுக்கு ஈஸ்டர் வந்துட்டு. எனக்கு இன்னும் வரல."

"பைத்தியமா உனக்கு?"

"நாப்பது நாள் ஆண்டவருக்காக விட்டீங்க. மிச்ச நாளு எனக்காக விடுங்க."

நான் கத்தினேன். நீ அசையவில்லை. உன் அண்ணன் வீட்டில் காபி நீட்டியபோது, "அவுங்க சிகரெட்ட விடட்டும், குடிக்கிறேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாய். எனக்கு மானம் போயிற்று. அன்று விட்டது வீம்பில்தான், அன்பில் இல்லை. இதை உன்னிடம் சொன்னதே இல்லை.

அதற்கப்புறம் தினமும் காலையில் ஆணியில் தொங்கும் என் முதல் நாள் சட்டையை எடுத்து மோந்து பார்ப்பாய். பிறகுதான் முதல் வாய் காபி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பேன்.

ஆபீஸ் சண்டையில் ஒரே ஒருநாள் தவறினேன். கிராம்பை மென்றேன், சட்டையைக் காற்றில் உலர்த்தினேன். மறுநாள் காலை நீ மோந்தாய், டம்ளரைக் கீழே வைத்தாய். ஒரு மாதம் நீ காபியைத் தொடவே இல்லை. அந்த மாதம் உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மறுபடி நான் சிகரெட்டைத் தொடவில்லை.

பயந்ததெல்லாம் என் நெஞ்சுக்காக. காய்ச்சலில் போனது நீ. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அடக்கம் முடிந்த அன்று யாரோ நீட்டிய சிகரெட்டைக் கையில் வாங்கியும்விட்டேன். நாளைக் காலை இந்தச் சட்டையை யார் எடுப்பார்கள் என்று தோன்றியது. திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது பாலத்து ஏற்றத்தில் சைக்கிளை விட்டு இறங்குவதே இல்லை.

"ஆறுது மாமா, குடிங்க" என்றாள் மருமகள். எழுந்து போய் ஆணியிலிருந்து நேற்றைய சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். வியர்வை மட்டும்தான். அப்புறம்தான் டம்ளரை வாங்கினேன்.