எதிர்வாசலில் தொங்கும் என் கற்றாழை

7-9-1969

என் சோற்றுக்கற்றாழையை எதிர்வீட்டு ஏகநாதன் வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். குட்டியை அல்ல, தாய்ச்செடியை. நான் ஆராதனைக்குப் போயிருந்த நேரத்தில். இன்று அவர்கள் புதுவீட்டுக்குக் கிரகப்பிரவேசம். திருஷ்டி படக் கூடாதாம், வாசல் நிலைக்கு மேல் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். வேர் மேலே, மடல் கீழே.

இவரைக் கேட்டேன். "ஒரு கத்தாழை எடுத்துக்கட்டுமா சார்னான். சரின்னேன்."

எதை எடுத்தான் என்று பார்த்தீர்களா?

"பேப்பர் படிச்சிட்டிருந்தேன் தபீதா."

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது நாலாம் வகுப்பு. மற்றதெல்லாம் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தில் படித்தது. கற்றாழை பூக்கும் என்றும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஒரு பூவைப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் வளர்த்தேன். பூக்கவே இல்லை. இப்போது செடியும் இல்லை.

8-9-69

போய்க் கேட்டேன். ஏகநாதனின் அம்மா கங்கையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். "இன்னாக்கா, ஒரு கத்தாழைக்கு இம்மாம் பேஜாரா? உன்னாண்டதான் இன்னும் நாலு குட்டி கீதே. கட்டினத அவுத்தா வூட்டுக்கு ஆவாது."

செடி வரும்வரை உன் வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

23-9-69

மண் இல்லை, தண்ணீர் இல்லை. இதற்குள் காய்ந்திருக்க வேண்டும். மடல்கள் கொஞ்சம் மெலிந்திருக்கின்றன, அவ்வளவுதான். எதைத் தின்று உயிரோடு இருக்கிறது? உள்ளே இருக்கும் சோற்றையா?

4-10-69

ரணகள்ளி இலையைச் சும்மா போட்டாலே ஓரமெல்லாம் முளைக்கிறது. கற்றாழை மடல் முளைக்காதா? குட்டியிலிருந்து ஒரு மடலை வெட்டி நட்டிருக்கிறேன்.

20-10-69

மடல் அழுகிவிட்டது. ஆக, குட்டி ஒன்றுதான் வழி.

எதிர்வாசலில் வேறு அதிசயம். தொங்கிய மடல்களின் நுனிகள் எல்லாம் மேலே வளைகின்றன. மேல் எது, கீழ் எது என்று அதற்கு எப்படித் தெரிந்தது? வெளிச்சத்தைத் தேடுகிறது என்றால் தெருப்பக்கம் அல்லவா திரும்ப வேண்டும்? நேராக வானத்தைப் பார்க்கிறது.

இவர் சொல்கிறார்: "தெருவுல நின்னு வாயைப் பொளந்து பாக்கிறியே, அந்த வீட்டுக்குத் திருஷ்டியே நீதான்." ராத்திரி இவருக்கு ரசம் மட்டும்.

12-11-69

விடாத மழை. செம்பாக்கம் ஏரி தளும்புகிறது என்கிறார்கள். குட்டிகளை நன்றாகத்தான் கவனிக்கிறேன் — காலையில் அரிசி கழுவின தண்ணீர், மாலையில் மீன் கழுவின தண்ணீர், அடியில் சாணி எரு. அப்படியும் மஞ்சளிக்கின்றன. இன்னும் கொஞ்சம் எரு போட வேண்டுமோ?

29-11-69

ஒன்றைத் தொட்டேன். கையோடு வந்துவிட்டது. அடியில் கொழகொழவென்று அழுகல், நாற்றம். வேரே இல்லை.

15-12-69

நாலும் போயிற்று. மழைதான் காரணம். மழைதானா? பக்கத்திலேயே பிரண்டை அதே மழையில் நனைந்துகொண்டு ஜம்மென்று இருக்கிறது. அதற்கு நான் ஒன்றும் ஊற்றுவதில்லை.

இனி உயிரோடு இருப்பது அந்தத் தலைகீழ்ச் செடி ஒன்றுதான்.

17-1-70

மொட்டு! தண்டு கீழே இறங்கி, வளைந்து, மேலே ஏறி நிற்கிறது. தெருவிலிருந்து நிறம் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். தெரியவில்லை.

கங்கையம்மாள் பார்த்துவிட்டாள். "ரோட்ல நின்னுகினு இன்னா லுக்கு? வந்து பாருக்கா, உன் செடிதானே!"

"என் செடின்னு இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"எப்பவும் தெரியும். நீதான் மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற."

போகவில்லை. சொன்ன சொல் என்ன ஆவது?

25-1-70

இதற்குமேல் முடியவில்லை. முக்காலியை எடுத்துக்கொண்டு போனேன். படியை மிதிக்கவில்லை, படிக்கு முன்னால் தரையில் முக்காலியைப் போட்டு ஏறினேன். "வயசான காலத்துல இன்னா அடம்!" என்று திட்டிக்கொண்டே கங்கையம்மாள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

மஞ்சள். குழல்குழலாக, வாய் கீழே பார்க்க. ஒன்றைத் தொட்டேன், விரலில் பிசுபிசுவென்று தேன். நாக்கில் வைத்தேன். இனிப்புதான், பின்னால் லேசாகக் கசப்பு. மடல் கசப்பு பூவுக்கும் போகுமா?

அப்போதுதான் கண்ணில் பட்டது. வேர்ப்பக்கம், கயிற்றுக்கு இடையில், ஒரு குட்டி.

காபி வாசலுக்கே வந்தது. குட்டியைக் காட்டினேன். வாய் திறந்து கேட்கவில்லை. கங்கையம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "கட்டினத அவுக்க மாட்டேன்க்கா, அதுல மாத்தமில்ல. ஆனா இத நாங்க கட்டலியே. தானா வந்திச்சு. எடுத்துக்க."

நியாயமாகத்தான் பேசுகிறாள்.

1-2-70

குட்டி ஒரு சாண் வளர்ந்த பிறகு:

ஏகநாதன் ஏணி போட வேண்டும். கயிற்றில் கை வைக்காமல் குட்டியை மட்டும் பிளேடால் வெட்ட வேண்டும். அடி வேர் ஒன்றாவது ஒட்டிக்கொண்டு வர வேண்டும். நான் கீழே நின்று சொல்வேன், அவன் கேட்க வேண்டும்.

கங்கையம்மாள் அதுவரை அதைத் துடைக்கிறேன், குங்குமம் வைக்கிறேன் என்று கிட்டே போகக் கூடாது.

இவர் ஒரு கூடை மணல் கொண்டுவர வேண்டும். எரு வேண்டாம்.

நான்: வெட்டுவாய் காயும்வரை நிழலில் வைக்க வேண்டும். பிறகு வெறும் மணலில் நட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. கை பரபரத்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு, கங்கையம்மாள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும்.