சம்பளத்தைத் தொடாத வருஷம்

வேளச்சேரியில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். கைபேசியில் குறுஞ்செய்தி வந்தது. ஐந்தாம் தேதி, இந்த மாதச் செலவுக்கான பணம் சேமிப்பிலிருந்து கணக்குக்கு வந்துவிட்டது. முன்பு உனக்கும் இதே தேதியில்தான் வரும். உடனே என்னைக் கூப்பிட்டு, "வந்துடுச்சா?" என்பாய். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்றும் ஒரு நிமிஷம் கைபேசியைப் பார்த்தபடி நின்றேன்.

ஈக்காட்டுத்தாங்கல் பம்பு கம்பெனியில் நான் கொள்முதல் பிரிவு, நீ சரக்கு அனுப்பும் பிரிவு. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். நீ கணவரைப் பிரிந்து ராயப்பேட்டையில் தனியாக இருந்தாய். ஐம்பது வயதில் வேலையை விட வேண்டும் என்று நான் சொன்னபோது சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் மாதம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டாய். நான் அதுவரை கணக்கே போட்டிருக்கவில்லை.

அன்று ஆரம்பித்தோம். சேமிப்பில் நூறு ரூபாய்க்கு மூன்றரை ரூபாய்க்கு மேல் ஒரு வருஷத்தில் எடுக்கக் கூடாது என்றாய். இரண்டு வருஷச் செலவு எப்போதும் வங்கி வைப்புத் தொகையில் இருக்க வேண்டும். மீதி மியூச்சுவல் ஃபண்டில்; பங்குச் சந்தை விழுந்தால் ஃபண்டைத் தொடாமல் வைப்புத் தொகையிலிருந்து சாப்பிட வேண்டும். இதெல்லாம் எனக்குப் புரிந்தது. அதன் பிறகு நீ சொன்னதுதான் தூக்கிவாரிப் போட்டது. "வேலைய விட்டுட்டுப் பாக்கறதுக்கு முன்னாடி, வேலைல இருந்துகினே ஒரு வருஷம் வாழ்ந்து பாத்துடலாம்." சம்பளத்தைத் தொடாமல், பின்னாளில் எடுக்கப்போகும் தொகையில் மட்டும்.

முதல் ஆறு மாதம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏழாவது மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. தி. நகரில் அவளுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்தேன். சம்பளக் கணக்கு அட்டையைத் தேய்த்தேன். மாதக் கடைசியில் இருவரும் பாஸ்புக்கைக் காட்டிக்கொள்வது வழக்கம். வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். நீ சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

திட்டுவாய் என்று நினைத்தேன். நீ மெதுவாகத்தான் பேசினாய். "என்கிட்ட மறைச்சா பரவால்ல. எழுபது வயசுல யார்கிட்ட மறைப்ப?" பிறகு டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "தப்பு உன்னோடது இல்ல, நம்ம கணக்கோடது. கல்யாணம் காட்சி இல்லாத வாழ்க்கைக்கில்ல திட்டம் போட்டுகினு இருக்கோம்" என்றாய்.

மறுபடி உட்கார்ந்தோம். மொய், பல் வைத்தியம், பழுதாகும் ஃப்ரிட்ஜ் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தோம். மாதத் தொகை ஏறியது. என் சேமிப்பு போதவில்லை. ஐம்பதுக்கு மேல் இன்னும் இரண்டு வருஷம் வேலை பார்க்க வேண்டியிருந்தது. உன்னுடையது போதும். ஆனாலும் சேர்ந்தே போகலாம் என்று நீயும் இருந்துவிட்டாய்.

ஐம்பத்திரண்டில் இருவரும் ஒரே நாளில் வெளியே வந்தோம். மூன்று வருஷம் கூட ஆகவில்லை, உனக்கு நோய் என்றார்கள். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்து, எனக்காகக் காத்திருந்து இரண்டு வருஷத்தை வீணாக்கிக்கொண்டாயே என்று அழுதேன். உனக்குப் பேசவே மூச்சு வாங்கியது. "அந்த ரெண்டு வருஷமும் உன்கூடதான உக்காந்து சாப்ட்டேன். இன்னா போச்சு?" என்றாய்.

நீ போன சில வாரங்களில் சந்தை சரிந்தது. அதே சமயம் பழைய மேலாளர் கூப்பிட்டார். வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும், நல்ல சம்பளம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உள்ளுக்குள் சரி என்று சொல்லியாகிவிட்டது. அன்று மாலை நம் கணக்குத்தாளை விரித்தேன். வைப்புத் தொகையில் இரண்டு வருஷச் செலவு அப்படியே இருந்தது. ஃபண்டைத் தொடத் தேவையே இல்லை. பிறகு ஏன் போகிறேன் என்று என்னையே கேட்டேன். பணம் போதாமல் இல்லை. நீ இல்லாத வீட்டுக்கும் நீ இல்லாத நாளுக்கும் பயந்துதான் கிளம்பப் பார்த்திருக்கிறேன். மறுநாள் அவரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

வைப்புத் தொகையை வைத்தே பத்து மாதம் ஓட்டினேன். சந்தை எழுந்தது. எடுத்ததை மறுபடி நிரப்பிவிட்டேன். இந்த ஏப்ரலில் கூட்டிப் பார்த்தால், வேலையை விட்ட நாளில் இருந்ததைவிடச் சற்று அதிகமாகவே இருக்கிறது.

பணத்தைப் பற்றிய பயம் எது, பணத்தின் பேரில் வரும் வேறு பயம் எது என்று இப்போது எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிகிறது. அது உன்னிடமிருந்து வந்தது. நாளை செவ்வாய்க்கிழமை, ஊரே வேலைக்குப் போகும் நாள். காலை பத்தரை மணி ரயிலில் மயிலாப்பூர் போகிறேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை, சும்மா சுற்றிவிட்டு வரத்தான்.