கடைசி டோடோவும் இரண்டு முப்பாட்டன்களும்

1957 நவம்பர் 10

தங்கச்சி அகஸ்டினாவின் மகள் ஸ்டெல்லாமேரியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சகாயநாதன், பள்ளிக்கூட வாத்தியார். தகப்பன் இல்லாத பெண். தாய்மாமன் நான்தானே குடும்பப் பெருமை பேசவேண்டும்? பேசினேன். என் முப்பாட்டன் கொத்து வேலைக்கு மொரீசு தீவுக்குக் கப்பலேறியது, அங்கே டோடோ என்று பறக்கத் தெரியாத பறவை, வான்கோழியைப் போல மூன்று மடங்கு, உலகத்திலேயே கடைசி டோடோவை அவர் மிளகு போட்டு வறுத்துச் சாப்பிட்டது. (மிளகு இன்றைக்குச் சேர்த்தது. பொருத்தமாக இருக்கிறது.)

மாப்பிள்ளையின் அப்பா சவுரிமுத்து காப்பியைக் கீழே வைத்தார். "அது எப்படி? கடைசி டோடோவைத் துன்னது எங்க முப்பாட்டனாச்சே!"

எழுந்து போய்விட்டார்.

நவம்பர் 11

என்ன அநியாயம். பெண் கேட்டு வந்து டோடோவைத் தூக்கிக்கொண்டு போகிறான்!

நவம்பர் 17

அகஸ்டினா அழுதுகொண்டே மீன் ஆய்ந்தாள். "அண்ணே, அது செத்து எந்தக் காலமோ ஆச்சு. எம் பொண்ணு உசுரோட நிக்கிறா. வுட்டுக்குடுத்துடேன்."

எதை விடுவது? டோடோவையா?

ஸ்டெல்லாமேரி என் சோற்றுத்தட்டை டொங்கென்று வைத்தாள்.

நவம்பர் 24

மாப்பிள்ளை தனியாக வந்தார். அந்தப் பையனுக்கு இவள்மேல் ஆசைதான், தெரிகிறது.

"மாமா, நம்ம பாட்டனுங்க யாரும் துன்னுத் தீர்க்கலை. அதுக்கு மனுஷனைக் கண்டா பயமில்ல, கப்பல்காரன் தடியால அடிச்சான். காட்டை அழிச்சான். அவங்கூட வந்த எலியும் பன்னியும் கொரங்கும் முட்டையைத் துன்னுச்சுங்க. தரையில ஒரே ஒரு முட்டை வுடுமாம். அவன் வந்து நூறு வருஷத்துக்குள்ள மொத்தமும் காலி."

எலியா! என் குடும்பத்துப் பெருமையைக் கேவலம் எலிக்கா கொடுப்பது?

டிசம்பர் 1

நானே சவுரிமுத்து வீட்டுக்குப் போனேன். வழியிலேயே யோசனை உதித்துவிட்டது. எனக்கு நடந்தால்தான் மூளை வேலை செய்யும்.

"சம்பந்தி, பழைய ஆளுங்களை விசாரிச்சுட்டேன். உங்க பாட்டன் துன்னது சேவல். எங்க பாட்டன் துன்னது பொட்டை. ரெண்டுமே கடைசி."

"சேவல்தானே பெருசு?"

"பின்னே?"

மனுஷன் மீசை மலர்ந்தது. காப்பி வந்தது. தேதியும் குறித்தோம். அப்புறம் திடீரென்று, "அப்ப வுட்டிருந்தா குஞ்சு பொரிச்சிருக்குமே சம்பந்தி" என்றார்.

இரண்டு பேரும் காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

1958 ஜனவரி 19

நாளை கல்யாணம். விருந்துக்கு ஒரு ஜோடி வான்கோழி வாங்கியிருந்தேன். கவர்னர் வீட்டு விருந்தில்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். சமையல்காரன் கத்தியைத் தீட்டினான். நான் சவுரிமுத்துவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"ஆட்டுக்கறியே போதும்பா," என்றோம், ஒரே நேரத்தில்.

ஜனவரி 20

கல்யாணம் ஜாம் ஜாம். ஸ்டெல்லாமேரி என் காலில் விழுந்து எழுந்து, "டோடோ மாமா" என்றாள்.

ஏப்ரல் 6

ஈஸ்டர். கொல்லையில் அந்த ஜோடியில் பொட்டை வான்கோழி அடைகாக்கிறது. பூசை முடிந்த கையோடு சவுரிமுத்து எலிப்பொறியும் கையுமாக வந்துவிட்டார்.

முட்டை ஒன்பது. கேட்டவர்களுக்கெல்லாம் ஒன்பது என்றுதான் சொன்னேன். ஒன்று கூட்டிச் சொல்லக்கூட பயமாக இருக்கிறது.