முடிவு வரை பார்க்கவும்

பிப்ரவரி 4

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். நீங்கள் அனுப்பிய கப்பல் படத்தைப் பார்த்த பிறகு உங்கள் சுகம் குறித்துத்தான் கவலையாக இருக்கிறது. கேப்டன் கடலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார், கடல் அவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறது. நடுவில் எனக்கும் மூச்சு வாங்கியது, அது கொட்டாவி. ஊர் முழுக்கக் கண்ணாடி மாட்டிவிடும் மனிதருக்கு இப்படி ஒரு பார்வைக் கோளாறா?

ஆனாலும் முழுக்கப் பார்த்தேன். பிள்ளைகளின் கல்யாணத்தன்று குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் நாம் இருவரும் சாப்பாட்டுக் கூடத்தில் சினிமா பேசிக்கொண்டிருந்தோமே, அன்று போட்ட சட்டம் அல்லவா? அனுப்பிய படத்தை முடிவு வரை பார்க்க வேண்டும், பிறகுதான் திட்ட வேண்டும்.

இத்துடன் ஒரு வங்கிக் கொள்ளைப் படம். பார்த்துத் திருந்துங்கள்.

மருமகள் உங்கள் வீட்டுக்கு வந்து மாதம் இரண்டாகிறது. ஓய்வெடுத்தது போதும் என்று சொல்லுங்கள். என் மகன் கடைச் சாப்பாட்டில் இளைத்துவிட்டான். கேட்டால், "அவளா வருவாப்பா" என்கிறான்.

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 15

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

கொள்ளைப் படம் பார்த்தேன். கொள்ளைக்காரர்கள் எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டையோடு சுரங்கம் தோண்டுகிறார்கள். உங்களைப் போல் ஓய்வு பெற்ற அதிகாரிகளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இத்துடன் வருவது வேறு மாதிரிப் படம். பெரிய ஓட்டலின் அடித்தளத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் ஒரு பெண்ணின் கதை. மெதுவாகத்தான் போகும். உங்களுக்குப் பொறுமை குறைவு என்று எனக்குத் தெரியும். இந்த ஒன்றை மட்டும் பாதியில் எழுந்துவிடாமல் பாருங்கள். பார்த்துவிட்டு மனதில் பட்டதை எழுதுங்கள். திட்டுவதாக இருந்தாலும் சரி.

மகள் இங்கே சும்மா இருக்கவில்லை. காலையில் என்னோடு கடைக்கு வருகிறாள், லென்ஸ் அளவு எடுக்கிறாள். அவள் ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் முழுதாகச் சொல்லவில்லை. அவள் கிளம்புவது பற்றி உங்கள் பதில் கிடைத்தபின் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


மார்ச் 2

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பது வருடம் கிளைம் பார்த்தவன் நான். முதல் பக்கத்தைப் புரட்டும்போதே எது தேறும், எது தேறாது என்று தெரிந்துவிடும். உங்கள் இஸ்திரிப் படம் தேறாது. தள்ளுபடி.

கதாநாயகி ஊமை. சரி, பாவம். அதற்காகப் பார்க்க வந்தவனையும் வாயடைத்து உட்கார வைக்க வேண்டுமா? ஆரம்பத்தில் துணி மடிக்கிறாள், முடிவிலும் துணி மடிக்கிறாள். நடுவில் புருஷன் பேசிக்கொண்டே இருக்கிறான்; படத்தில் உயிருள்ள ஜென்மம் அவன் ஒருத்தன்தான். இதைப் பார்ப்பதற்கு என் வீட்டு வாஷிங் மெஷின் சுற்றுவதைப் பார்த்திருக்கலாம். அதிலாவது கடைசியில் ஒரு மணி அடிக்கும்.

இப்படிப்பட்ட படத்தைப் பார்த்துக் கண் கலங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை வெட்டி இல்லாதவர்கள். தங்களுக்கு ஏதோ பெரிய துக்கம் இருப்பதாக நினைத்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். உங்களை அந்தக் கூட்டத்தில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. யாரோ சொல்லி அனுப்பியிருப்பீர்கள். அந்த யாரோவிடம் இனி எதுவும் கேட்காதீர்கள்.

டிஸ்க்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வீட்டில் வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை.

மருமகள் எப்போது கிளம்புகிறாள்? தேதி எழுதுங்கள், மகனை ஸ்டேஷனுக்கு அனுப்புகிறேன்.

உங்கள் சம்பந்தி


மார்ச் 9

ஐயா,

உங்கள் கடிதம் வந்தபோது மகள் கடையில் இருந்தாள். வழக்கம்போல் அவளே பிரித்து எனக்குப் படித்துக் காட்டினாள். வாஷிங் மெஷின் வந்த இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"இது மாமா எழுதினது இல்லப்பா" என்றாள்.

"அவர் கையெழுத்துதானேம்மா?"

"கையெழுத்து அவரோடது. பேச்சு உங்க மாப்பிள்ளையோடது. மணி அடிக்கிறது வரைக்கும் அப்படியே."

படத்தை அனுப்பச் சொன்னது அவள்தான். அவளுக்கு மிகவும் பிடித்த படம் அது. முதல் வருடக் கல்யாண நாளன்று உங்கள் மகனோடு சேர்ந்து பார்க்க வேண்டும் என்று வாங்கி வைத்திருந்தாள். அவர் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார், பத்து நிமிடம் பார்த்தார், எழுந்து நின்று இதே வாஷிங் மெஷின் வசனத்தைச் சொன்னார். நண்பர்கள் சிரித்தார்கள். பிறகு இவள் எதைச் சொன்னாலும் அவர்கள் "டிங்" என்பார்களாம், உங்கள் மகனும்தான். சமையலறையில் இவள் வாய் திறந்தாலும் டிங். இரண்டு வருடம்.

இங்கே வந்த பிறகு அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "மாமாவுக்கு அனுப்புங்கப்பா. அவர் முழுசாப் பாத்துட்டு என்ன திட்டினாலும் பரவாயில்ல. அந்த வீட்ல ஒருத்தராவது கடைசி வரைக்கும் உக்காந்து பாப்பாங்கன்னு தெரிஞ்சா, நான் போய் அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிக்கிறேன்."

அந்தப் பெண் ஊமை இல்லை ஐயா. கடைசி இருபது நிமிடம் அவள் மட்டும்தான் பேசுகிறாள். அவளை ஊமை என்று சொல்ல வேண்டுமானால் படத்தைப் பத்து நிமிடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நீங்கள் அந்தப் பத்து நிமிடத்தைக்கூடப் பார்க்கவில்லை. மகனிடம் கேட்டு எழுதிவிட்டீர்கள். திட்டுவதையாவது சொந்தமாகச் செய்வீர்கள் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

மகள் வரமாட்டாள். சாமான்களை எடுத்துவர ஆள் அனுப்புகிறேன். உங்கள் படங்களை இத்துடன் அனுப்பிவிட்டேன். எல்லாவற்றையும் முழுக்கப் பார்த்திருக்கிறேன், மோசமானவற்றையும்.

இப்படிக்கு,
பெண்ணின் தகப்பன்


மார்ச் 20

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் ஐயா என்று எழுதினாலும் நான் இப்படித்தான் எழுதுவேன்.

ஆமாம், மகனிடம் கேட்டேன். அந்த வாரம் எனக்கு முதுகு வலி. அப்பன் மகனிடம் ஒரு படத்தைப் பற்றி விசாரித்தால் குடும்பமே உடைந்துவிடுமா? ஒரு டிங்குக்குப் பெட்டி கட்டுவதென்றால் ஊரில் எந்த வீட்டில் விளக்கு எரியும்? பெண்ணைக் கடையில் உட்கார்த்திவைத்து நீங்கள்தான் செல்லம் கொடுக்கிறீர்கள்.

உங்கள் ஆட்கள் வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். பீரோவை நகர்த்திய இடத்தில் சுவரின் நிறம் வேறாக இருக்கிறது. மகன் அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டிவிட்டான்.

படம் மட்டமான படம்தான். அதில் மாற்றமில்லை. ஆனால் நேற்று சாப்பிடும்போது மகனிடம் கேட்டேன், "அந்தப் பொண்ணு கடைசில என்னடா பேசுது?" என்று.

"அவ பேசுவாளா என்ன?" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அதை அவன் கவனிக்கவும் இல்லை.

இங்கே இரண்டு கடைகளில் விசாரித்தேன், டிஸ்க் இல்லை என்றார்கள். உங்களிடம் இருப்பதை அனுப்புங்கள். என்னை நம்பி அனுப்ப மனமில்லை என்றால், அவள் என்ன சொல்கிறாள் என்பதையாவது யாராவது எனக்கு எழுதுங்கள். உங்கள் கையெழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

உங்கள் சம்பந்தி